நாற்பது கிலோப் பிரிவு

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஜூடோ வகுப்பு. அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவளை எல்லோரும் 'மெத்தை அக்கா' என்பார்கள். அடிபடாமல் விழக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பிள்ளைகள் விழுகிற மெத்தைகளைத் துடைத்து வைப்பதும் அவள்தான். வியர்வை, மூக்குச்சளி, எப்போதாவது வாந்தி. பதினோரு வருஷத்தில் அருவருப்பே தனக்கு மரத்துப்போய்விட்டது என்று சொல்லிச் சிரிப்பாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள், விளையாட்டு மாதிரி. பள்ளி மாணவர்களுக்கு மூன்று நாள், தற்காப்புக்கு. போட்டிக்குப் போகிறவர்களுக்குத் தினமும். அவர்களை வகுப்பை நடத்துகிற மாஸ்டரே நேராகப் பார்த்துக்கொள்வார். பதக்கம் வாங்கிய பிள்ளைகளின் தோளில் அவர் கைபோட்டு நிற்கும் படங்கள் சுவர் முழுக்க. அதில் ஒன்றில் அக்காவும் உண்டு, பதினைந்து வயதில், கன்னம் ஒட்டிப்போய்.

பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு முந்தின நாள். நாற்பது கிலோப் பிரிவில் பெயர் கொடுத்திருந்த பதிமூன்று வயதுப் பெண் நாற்பத்தொன்றரை இருந்தாள். மாஸ்டர் அக்காவிடம் சொன்னார்: "மழைக்கோட்டை மாட்டி, வேர்த்துக் கொட்ட மாடிப்படி ஏறி இறங்க விடு. தண்ணி காட்டாத."

மாலையில் கழிவறையைக் கழுவப் போன அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். கவிழ்த்துப்போட்ட வாளிமேல் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே மகள், மழைக்கோட்டோடு, சூயிங்கம் மென்று பேப்பர் கப்பில் துப்பிக்கொண்டிருந்தாள். தரையில் ஏற்கெனவே மூன்று கப்கள், நுரை தட்டிய எச்சிலோடு.

"இன்னும் ஒரு கப் துப்புடா கண்ணு. எடை கொறையும்னு மாஸ்டர் சொன்னாருல்ல."

"வரலம்மா. நாக்கு ஒட்டிக்குது."

அம்மா கப்பை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சாய்த்துப் பார்த்தாள். மரத்துப்போன அருவருப்பு அந்தப் பார்வையில்தான் அக்காவுக்குத் திரும்பியது. எச்சிலை அவள் நிறையப் பார்த்தவள்.

கப்களை எடுத்துக் கொட்டினாள். தன் தண்ணீர் பாட்டிலைப் பெண்ணின் கையில் கொடுத்தாள். "மெதுவா குடி."

"என்ன பண்றீங்க? ரெண்டு நாளா பட்ட பாடெல்லாம் வீணாப் போகுது," என்றாள் அம்மா.

"எச்சில்கூட ஊறாத புள்ளைய இன்னும் எதைத் துப்பச் சொல்றீங்க?"

வாய் அப்படிக் கேட்டதே தவிர, அவளுக்குத் தன்மேல்தான் அதிக அருவருப்பு வந்தது. எடை மெஷின் பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் எண்களைக் குறித்தது யார்? அந்த மழைக்கோட்டை ஒவ்வொரு தடவையும் அலசிக் காயப்போட்டது யார்?

மறுநாள் காலை போட்டி நடக்கும் இடத்தில், உதவிப் பயிற்சியாளர் என்று தன் கையெழுத்தைப் போட்டு, பெண்ணை நாற்பத்துநான்கு கிலோப் பிரிவுக்கு மாற்றினாள். விஷயம் தெரிந்து மாஸ்டர் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மெத்தை தொடைக்கறவ அதோட நிறுத்திக்கணும். நீயும் இப்படித்தானே மெடல் வாங்கின?"

"ஆமா மாஸ்டர். அன்னிக்கு எடை பாத்து முடிச்சதும் கக்கூஸ் வாளித் தண்ணியைக் கையால அள்ளிக் குடிச்சேன். படத்துல அது தெரியாது."

அவர் அடுத்த பிள்ளையை எடை பார்க்கக் கூப்பிட்டார்.

பெண் முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள், இரண்டாவதில் தோற்றாள். அக்காவை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டே இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து நிறுத்தின. அந்தப் பிள்ளைகளின் இடங்கள் ஒரே வாரத்தில் நிரம்பின. வெற்றி பெற்றவர்களின் படமும் சுவரில் ஏறியது.

இப்போது அவள் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில், மேஜைகளை ஓரம் தள்ளிவிட்டு, விழக் கற்றுக்கொடுக்கிறாள். பதினான்கு பிள்ளைகள் வருகிறார்கள்.

சில மாதம் கழித்துக் காய்கறிக் கடையில் அந்த அம்மா எதிர்ப்பட்டாள். "உங்களால அவளுக்கு ஒரு மெடல் போச்சு," என்றாள், தக்காளியை அழுத்திப் பார்த்தபடி.

"பொண்ணு எப்படி இருக்கா?"

"ஜூடோவை விட்டாச்சு. இப்ப ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேத்திருக்கோம். அங்க சாரு இன்னும் கறார். காலைல ரெண்டு பிஸ்கட்டுதான், எண்ணிக் குடுக்கச் சொல்லியிருக்காரு."

அக்கா கையில் எடுத்திருந்த கேரட்டைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள்.