குகனின் வைனுக்கு நான் சொன்ன பொய்

குகன் போய்விட்டான்.

நேற்றுக் காலை, ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில், தன் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே... ஹார்ட் அட்டாக். அவன் மனைவி சுமதி போன் எடுத்துச் சொன்னபோது நான் இங்கே லண்டனில், மிட்சம் பகுதியில், என் கடையில் நின்றேன்.

ஐம்பத்து நான்கு வயது. என் வயதுதான்.

காலையிலிருந்து பேஸ்புக்கில் எல்லோரும் அவனைப் பற்றி நல்லதாக எழுதுகிறீர்கள். எழுதுங்கள், எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அவன்மேல் பொறாமை. செல்லமாகச் சொல்கிற பொறாமை இல்லை... வயிற்றெரிச்சல்.

நாங்கள் இருவரும் ஒரு வைன் வெயார்ஹவுஸில் ஒன்பது வருடம் ஒரே ஷிப்ட். உடைந்த பெட்டிகளில் தப்பிய போத்தல்களை ருசி பார்த்து, எது எந்த ஊர் வைன் என்று பந்தயம் பிடிப்போம்.

எப்போதும் நான்தான் வெல்வேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஒரு துண்டு காணி வாங்கி நாங்களே வைன் செய்வம்" என்று முதலில் சொன்னவனும் நான்தான். பிறகு எனக்கு மோர்கேஜ், பிள்ளைகளின் டியூஷன், இந்தக் கடை...

அவன் இத்தாலியில் இருந்துவிட்டு லண்டன் வந்தவன், கையில் இத்தாலியன் பாஸ்போர்ட். நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்த சந்தோஷத்தில் வெயார்ஹவுஸ் முழுக்க லட்டுக் கொடுத்தவன். பிரெக்ஸிட் வந்தபோது ஐரோப்பாவில் குடியேற அவனுக்குக் கதவு திறந்திருந்தது, எனக்கு மூடிவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் போய் அங்கே ஒரு பழைய தோட்டத்தை வாங்கினான். அடுத்த வருடம் ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

நிலம் முழுக்கக் கறுப்பு எரிமலைச் சாம்பல். காற்று என்றால் அப்படி ஒரு காற்று, பேச வாய் திறக்க விடாது. ஒவ்வொரு கொடியும் ஒரு கிடங்கில், ஆழமான குழிக்குள்; காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கியிருந்தான். யூரியா கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. ஆட்டெரு, கொஞ்சம் கந்தகத்தூள், அவ்வளவுதான்.

ஒரு கிடங்குக்குள் எட்டிப் பார்த்தால் கொடிக்குப் பக்கத்தில் ஒரு கரிச்சட்டி, சுண்ணாம்புப் புள்ளியோடு. நம்மூர்த் தோட்டங்களில் கண்ணூறு படாமல் இருக்க வைப்பார்களே, அதேதான்!

"என்னடா இது, கண்ணூறுச் சட்டியைக் கிடங்குக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறாய்? ஆருக்குத் தெரியப்போகுது?"

"தடியில கட்டி உயரத்திலதான் வைச்சனான் மச்சான். முதல் நாளே காத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டக்காரற்ற காரின்ர கண்ணாடியில போட்டு உடைச்சிட்டுது."

"இந்தத் தீவில உனக்கு ஆரடா கண் வைக்கிறது?"

"லண்டனில இருந்து ஆக்கள் வருவினமெல்லோ..."

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டேன்.

நான் திரும்பி வந்து பத்தாம் நாள், ஆப்பிரிக்கா பக்கமிருந்து சூடான காற்று அடித்து அவன் காய்களில் பாதி கருகிவிட்டது. "உன்ர கண்தான்டா" என்று போனில் பகிடி விட்டான். "என்னில பழியைப் போடாத" என்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்... இருந்ததுதான், மறைத்து என்ன.

மிஞ்சிய பாதியில் வைன் செய்து எனக்கும் கடைக்குமாக ஒரு பெட்டி அனுப்பினான். பிறகு வருடா வருடம் ஒரு பெட்டி, கூடவே ஒரு போன், ஒரே கேள்வி.

"எப்பிடி மச்சான்? இஞ்ச உள்ளவை மரியாதைக்குச் சொல்லுவினம். சுமதிக்கு நான் செய்யிறதெல்லாம் நல்லம். உன்ர நாக்குத்தான் எனக்கு வேணும். நீ சொல்லு."

முதல் போத்தலை வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசம், பின்னால் மெல்லிய உப்பு... அந்த வெயார்ஹவுஸில் ஒன்பது வருடத்தில் அப்படி ஒன்றை நான் குடித்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"பரவாயில்லை. கொஞ்சம் புளிப்புக் கூட" என்றேன்.

அடுத்த வருடம், "பரவாயில்லை, கொஞ்சம் கலங்கல்." ஐந்து வருடமும் பரவாயில்லை.

கடையில் அவன் போத்தல்களைக் குனிந்து தேடினால்தான் தெரியும், அப்படி ஒரு தட்டில் வைத்தேன். அப்படியும் ஒரு டீச்சரம்மா கண்டுபிடித்து வாங்கிப்போய், மூன்று தரம் திரும்பி வந்து கேட்டார். ஸ்டாக் இல்லை என்றேன். உள்ளே முக்கால் பெட்டி இருந்தது.

இந்த வருடமாவது அவனிடம் உண்மையைச் சொல்ல இருந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். அப்படி ஒரு எண்ணமே இல்லை.

நேற்றுப் போனில் சுமதி அழுதபோது என் வாயில் வந்தது இதுதான்:

"தங்கச்சி... நான் அவனுக்குப் பொய் சொல்லிப்போட்டன். அவன்ர வைன் நல்ல வைன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"அவருக்குத் தெரியும் அண்ணை" என்றாள். "உங்களோட கதைச்சுப்போட்டு வந்து ஒவ்வொரு வருசமும் சிரிப்பார். 'அவன் பரவாயில்லை எண்டிட்டான், இந்த முறையும் வைன் திறம்' எண்டுவார். நீங்கள் நல்லாயிருக்கு எண்டு சொன்னால்தான் பயப்பட வேணுமாம்."

ஐந்து வருடம் நான் அவனை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படுபாவி.

திராட்சை பழுத்து நிற்கிறதாம். நாளைக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும், காரின் கண்ணாடி உடைந்தவர் உட்பட, தங்கள் அறுவடையை நிறுத்திவிட்டு அவன் பழத்தைப் பிடுங்க வருகிறார்களாம். நான் செத்தால் இந்த ரோட்டில் யார் வந்து என் கடையைத் திறப்பார்கள்?

அதிலும் பொறாமைதான்.

சரி... போயிட்டு வா குகன்.

திறமான வைன் மச்சான். அஞ்சு வருசமும்.