கடிதம் இல்லாமல் காலெடுத்து வைக்காதவன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கட்டடம் இடிக்கும் தொழிலில் இறங்கி, முந்நூறு கட்டடங்களுக்கு மேல் தரைமட்டமாக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்படித் தன் கையால் முன்னுக்கு வந்தவன் இன்னொருவனைப் புகழ்ந்து எழுதுகிறான் என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது. அந்த இன்னொருவன் என் மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டர்.

லீவு நாளில் ஊர் உலகம் தூங்கும். இவன் பாழடைந்த கட்டடம் பார்க்கக் கிளம்பிவிடுவான். மூடிய ஆலை, ஆளில்லாத குடியிருப்பு, கூரை போன பள்ளிக்கூடம். சுற்றிப் பார்ப்பான், படம் எடுப்பான், துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்காமல் திரும்புவான். சுவர் இடிந்து ஆடு மாடு புகுந்து வரும் இடமாக இருந்தாலும் சரி, உடையவரின் கடிதம் கையில் இல்லாமல் வாசற்படியை மிதிக்கமாட்டான். அதனால் வீட்டில் அவனுக்கு ‘மனுதாரர்’ என்று பெயர்.

“பேய் வீட்டுக்குப் போகப் பேய்கிட்டயே கையெழுத்து வாங்குவியா மாப்ளே?” என்று சீண்டுவேன்.

“பேய் பேர்ல பத்திரம் இருந்தா வாங்கித்தானே ஆகணும் மச்சான்” என்பான்.

அவன் அருமை தெரிந்தது, என் மனைவிக்கு வேலை போக இருந்தபோதுதான். மாணவிகள் விடுதியில் சலவைப் பிரிவு அவள் பொறுப்பு. அறுபது முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். சேரும்போது யாரோ குத்துமதிப்பாக இரண்டு வயதைக் கூட்டி எழுதியிருந்தார்கள். “எனக்கு அம்பத்தெட்டுதான்” என்றாள். அத்தாட்சி கேட்டார்கள். அவள் பிறந்ததோ சுரங்கக் குடியிருப்பு ஆஸ்பத்திரியில். சுரங்கத்தை மூடி முப்பது வருடமாகிறது. அந்த ஊரில் இப்போது ஈ காக்கை இல்லை.

“நான் சம்பாதிக்கிறது போதாதா? பேசாம வீட்ல இரு” என்றேன்.

“என் வயசை யாரோ முடிவு பண்ணி என்னை வெளிய அனுப்புறதா?” என்று எழுந்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவேட்டைத் தேட அனுமதி கேட்டு மனுதாரர் சுரங்க நிறுவனத்துக்கு மனு எழுதினான். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது: இரண்டு பேர், ஒரு பகல், எதையும் எடுக்கக் கூடாது. அவள் வேலைக்கு மீதி இருந்தது இருபதே நாள். தனியாக எங்கும் போகமாட்டான் என்பதால் என்னைக் கூப்பிட்டான். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்தான். என் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டான். காவலாளியிடம் கடிதத்தைக் காட்டி உள்ளே போனோம்.

ஆஸ்பத்திரி மாடியில் பலகைத் தளம் போட்ட நீள அறை. கடைசியில் ஓர் அலமாரி, அதில் தடித் தடியாகப் பதிவேடுகள். உள்ளே வைக்க நான் காலைத் தூக்கினேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“மொதல்ல கீழ போய் அண்ணாந்து பாத்துட்டு வருவோம்.”

“முந்நூறு கட்டடம் இடிச்சவன்டா நான். பலகை கல்லு மாதிரி இருக்கு.”

“நீங்க இடிக்கப் போற கட்டடம் முழுசா நிக்கும் மச்சான். இங்க நமக்கு முன்னாடி யார் வந்து என்னத்த உருவிட்டுப் போனாங்களோ, யாருக்குத் தெரியும்?”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். திருடர்கள் இரும்பு உத்தரம் இரண்டை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மேலே பலகை வெறும் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருந்தது.

மறுபடி ஏறி, வாசலில் நின்றபடியே கேமராவில் அலமாரியைக் கிட்டத்தில் இழுத்துப் படம் எடுத்தான். ஒரு பதிவேட்டின் முதுகில் அவள் பிறந்த வருடம் தெரிந்தது.

“சுவர் ஓரமாவே போய் அதை எடுத்து இடுப்புல சொருகிட்டு வந்துடறேன்” என்றேன்.

“வேணாம் மச்சான். விழுந்தீங்கன்னா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? சொருகிட்டு வந்தா அது வெறும் காகிதம். நாமளே எழுதிக்கிட்டோம்னு சொல்லுவாங்க.”

“இன்னும் இருபது நாள்ல உங்கக்கா வீட்ல உக்காந்திருப்பா. உனக்கு உன் கடுதாசிதான் பெருசு, இல்ல?”

அவன் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வழியை விட்டு நகரவில்லை.

அன்றே படங்களை நிறுவனத்துக்கு அனுப்பினான். அறுபட்ட உத்தரத்தைப் பார்த்து அவர்கள் பயந்திருக்க வேண்டும். எட்டே நாளில் பதில் வந்தது: கீழே முட்டுக் கொடுத்தால் எங்கள் அதிகாரியே வந்து எடுப்பார்.

முட்டுக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. பதினாறு முட்டு நிறுத்தினேன். ஒரு யானையை அந்த மாடியில் நடத்தியிருக்கலாம். அதிகாரி நடந்து போனார், பதிவேட்டை எடுத்தார், பக்கத்தை நகலெடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். ஐம்பத்தெட்டுதான். விடுதி அலுவலகத்தில், இது எங்கே கிடைத்தது என்று குடைந்தார்கள். மனுதாரர் அலமாரிப் படத்தையும் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் வைத்தான். வயதைத் திருத்தி எழுதிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள், தம்பியின் பஸ்ஸிலேயே. சாயங்காலம் வந்ததும் கேட்டேன், “உன் தம்பி டிக்கெட் போட்டானா?”

“நான் ஏறி உக்காரக்கூட விடலங்க. அதுக்குள்ள கிழிச்சு நீட்டிட்டான்” என்றாள், தலை நிமிர்ந்து.