என் சுருதிக்குள் நிற்காத குரல்

ஏழு வயதுக் குழந்தை ஒருத்தியின் பாட்டை நான் நிறுத்தினேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்தபோது நடந்தது.

காலையில் முதல் வகுப்பு எனக்கு. மலையிலிருந்து இறங்கும் பனி ஜன்னல் கம்பி வரை வந்து நிற்கும். சுருதிப் பெட்டியின் ரீங்காரத்தில் பிள்ளைகள் தூக்கத்தில் பேசுவதுபோல முனகுவார்கள். அவள் குரல் மட்டும் சுருதியை விட்டு விலகி, பனிக்குள் தனியாக எங்கோ போகும். எனக்கு எரிச்சலாக வரும்.

“ஏன் அம்மணி, உனக்கு மட்டும் தனி ரேடியோ ஸ்டேஷனா?” என்றேன் ஒருநாள். வகுப்பே சிரித்தது. ஆண்டு விழாவில் அவளைப் பாட விடாமல், திரை இழுக்கிற இடத்தில் நிறுத்தினேன். அதன்பின் என் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

போன வருடம் கோவையில் பேத்தியின் பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் இளம் ஆசிரியை, பாட்டைத் தொடங்குமுன் சுருதிப் பெட்டியை உயர்ந்த சுருதியான ஐந்தரைக் கட்டைக்கு மாற்றினார். “புள்ளைங்க தொண்டைக்குத் தக்கன வெக்கோணுமுங்க சார்” என்றார். எல்லாக் குழந்தைகளும் சிரமமே இல்லாமல் அந்தச் சுருதியில் மிதந்தார்கள்.

நான் பணியில் இருந்தவரை பெட்டியை ஒரு கட்டையில்தான் வைத்தேன். அது என் ஆண்குரலுக்கு வசதி. குழந்தைகளுக்கு எட்டாத பள்ளம். அவள் ஒருத்திதான் தன் தொண்டைக்குப் பொருந்திய இடத்தில் பாடியிருக்கிறாள். முறையாகப் படித்த எனக்கு இது தெரியாததல்ல. அந்தப் பிள்ளைகளைப் பாடுகிறவர்களாக நான் எண்ணியதே இல்லை.

அவளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நான் பிரஷர் மாத்திரை வாங்கும் மருந்துக்கடையில்தான் வேலை பார்க்கிறாள். ஆளில்லாத ஒரு மத்தியானம் போய், “தப்பு உன் மேல இல்ல கண்ணு, சுருதியத் தப்பா வெச்சது நாந்தான்” என்றேன்.

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்: “எம் புள்ளையத் தூங்க வெக்கக்கூட நான் பாடுனதில்லீங்க சார். போன்ல பாட்டுப் போட்டு உட்டுருவேன்.”

அவள் மகள் படிக்கும் பள்ளியில் அனுமதி கேட்டு, வெள்ளிக்கிழமை மாலைகளில் பாட்டுச் சொல்லித் தருகிறேன். பெட்டி ஐந்தரையில் இருக்கிறது. மேலே போகும்போது என் குரல் எட்டாது. நிறுத்திக்கொண்டு பிள்ளைகளைக் கேட்கிறேன். “பாப்பாவ அனுப்பறேனுங்க, என்னையப் பாடச் சொல்லீராதீங்க” என்றுதான் அவள் மகளைச் சேர்த்தாள்.

முதலில், மகளைக் கூட்டிப்போக வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் சீக்கிரமே வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி கடைசிப் பாட்டு முடியும்வரை கேட்கிறாள். அவள் பாடி நான் கேட்கவில்லை, கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனாலும் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடத் தவறவிட எனக்குத் தைரியம் வருவதில்லை.