ஒரு சாண் உயரமான டிரம்

சென்னியம்மாள் பெரியம்மா காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்க மாட்டார். வாசலுக்கு வந்து, ரோட்டுக்கு எதிர்ப்புறம் நல்லம்மாள் வைத்திருக்கும் நீலப் பிளாஸ்டிக் தண்ணீர் டிரம்மைத்தான் பார்ப்பார். அதில் விரிசல் ஏதும் விட்டிருக்கிறதா என்று.

நல்லம்மாள் அவருடைய ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி. பாகம் பிரித்தபோது எருமப்பட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் மூத்தவருக்கும் அந்தப் பக்கம் இளையவருக்கும் என்றானது. கிணறு மட்டும் பொது. இரண்டு வீட்டாரும் கோடையில் ரோட்டோரம் குடிதண்ணீர் வைப்பார்கள். பெரியம்மா வேப்பமரத்தடியில் மணல் பரப்பி மண்பானைகள் வைப்பார். கொழுந்தனார் லாரி ஓட்டி பம்பாயிலிருந்து அந்தப் புது டிரம்மைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் எதிர்ப்புறம் போய் நின்றார்கள்.

அதைக்கூடப் பெரியம்மா பொறுத்துக்கொண்டிருப்பார். பங்குனித் திருவிழாவில் நடந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. மோகனூர் காவிரியிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்து வருகிறவர்கள் வெறுங்காலோடு நடந்து வருவார்கள். குடத்தைக் கீழே இறக்கக் கூடாது, கையை எடுக்கவும் கூடாது. ஊர் எல்லையில் யாராவது சொம்பிலிருந்து அவர்கள் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டும். முன்னால் வரும் பூசாரிக்கு முதல் வாய் ஊற்றுவது பெரியம்மா குடும்பத்து மூத்த மருமகளின் உரிமை. மாமியார் போனபின் அது பெரியம்மாவுக்கு வந்தது. ஆனால் 1985 திருவிழா அன்று எருமைக் கன்று ஒன்று புகுந்து பானைகளை உருட்டிவிட்டது. பூசாரி அங்கமுத்து, நாக்கு வறண்டு, நேராக நல்லம்மாளிடம் போய் வாயைத் திறந்தார்.

அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காகப் பெரியம்மா ஒரு வருடம் சரியாகச் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வண்டி போன இடமெல்லாம் நானும் போய்விட்டு அடுத்த மாசியில் திரும்பியிருந்தேன். அங்கெல்லாம் டிரம் தண்ணீரில்தான் குடித்தனம். பிளாஸ்டிக் வெயிலில் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும் என்பதால், பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிபாளையத்துக்குப் பஸ் ஏறினார். கையில் ஒரு கயிறு வைத்திருந்தார். நல்லம்மாள் இல்லாத நேரம் போய் அவள் டிரம்மை அளந்து முடிச்சுப் போட்ட கயிறு.

பழைய டிரம் விற்கும் கைலாசம், பெரியம்மாவைப் பார்த்ததுமே கேட்டார். "குடிதண்ணிக்குங்களா?"

"ஆமாங்க."

சர்க்கரைப் பாகு வந்த டிரம் ஒன்றைக் காட்டினார். நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், உள்வாங்கவில்லை. சூரியனுக்கு எதிரே சாய்த்து உள்ளே பார்த்தேன், வெளிச்சம் ஊடுருவவில்லை. வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். மூடியைத் திறந்து முகர்ந்தேன், லேசான இனிப்பு வாசம். "இதுதான் பெரீம்மா, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றேன்.

பெரியம்மா கயிற்றை வைத்து அளந்தார். முடிச்சுக்கு நாலு விரல் குறைந்தது.

"அது என்னங்க?" என்று மூலையில் நின்ற டிரம்மைக் காட்டினார். நல்லம்மாளுடையதைவிட ஒரு சாண் உயரம், பளபளவென்ற நீலம்.

"அது சாயப்பட்டறையில மருந்து வந்ததுங்க. குடிக்க ஆகாது."

"மாட்டுக்குத்தானுங்க."

"இப்பத்தான குடிக்கன்னு சொன்னீங்க?"

"மாடு குடிக்காதுங்களா?"

பெரியம்மா என்னை ஒரு முறை முறைத்தார். மாட்டுக்கும் வேண்டாம், கழுவிச் சாமான் போட்டு வைக்கத்தான் ஆகும் என்று தலையிலடித்துக்கொண்டே கைலாசம் கொடுத்தார். பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்தோம்.

சாம்பல், புளி, எலுமிச்சை, எல்லாம் போட்டுப் பெரியம்மா தேய்த்தார். நான் தண்ணீர் நிரப்பி, மூடி, ஒரு பகல் வெயிலில் வைத்துத் திறந்து காட்டினேன். மருந்து நெடி மூக்கைக் குத்தியது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும், அம்மிணி. வெட்டிவேர் போட்டா போயிரும்."

"பெரீம்மா, இதுல ஊத்துனா குடிச்சவங்க கதி என்னாகும்?"

"நீ ஊரெல்லாம் சுத்திட்டு வந்து எனக்குச் சொல்றியா?"

திருவிழா அன்று பெரியம்மாவின் டிரம் குழாய் பொருத்தி, தண்ணீர் நிரம்பி, மாலை போட்டு நின்றது. எதிர்ப்புறம் நல்லம்மாள், "அக்கா டிரம்மு தேராட்டம் இருக்குதுங்க!" என்று குரல் கொடுத்தாள். பெரியம்மாவுக்கு அதைக் கேட்டதே போதும்போல முகம் மலர்ந்தது. ஆனால் பறை சத்தம் நெருங்க நெருங்க அவர் பார்வை குழாய்களிலேயே இருந்தது. நல்லம்மாள் டிரம்மின் குழாயடி ஈரத்தில் தேனீக்கள் மொய்த்தன. இவருடையதில் ஒன்றுகூட உட்காரவில்லை. வந்த தேனீயும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எதிர்ப்புறம் போனது.

அங்கமுத்து வளைவில் தெரிந்தார். உதடு வெடித்து, கண் செருகி, நேராகப் பெரியம்மாவைப் பார்த்து வந்தார்.

பெரியம்மா வெள்ளிச் சொம்பை எடுத்தார். தன் டிரம்முக்குப் போகவில்லை. விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து, நல்லம்மாளை முழங்கையால் ஒதுக்கி, அவள் டிரம்மில் சொம்பை நிரப்பினார்.

"ஏனக்கா, உங்க டிரம்முல தண்ணி இல்லீங்களா?"

"இருக்குது."

"அப்பறம் என்னோடதுல எதுக்குப் புடிக்கிறீங்க?"

"டிரம்முதான் உன்னுது. தண்ணி மாமனார் வெட்டுன கெணத்துது. கெணறு பொதுவு."

"கை என்னோட கையா இருக்கோணும், அக்கா!"

"மூத்தவ கைதான் இருக்கோணும்."

"அம்மிணிகளா," என்றார் அங்கமுத்து, குடத்தை அசைக்காமல். "வழக்கை அப்பறம் பேசிக்கங்க. யாராச்சும் ஊத்துங்க, சாமி."

பெரியம்மா ஊற்றினார்.

அந்த உயர டிரம்மில் பிறகு சுண்ணாம்பு கரைத்து வைத்தார்கள். அடுத்த வாரமே பெரியம்மா கைலாசத்திடம் போய்ச் சர்க்கரைப் பாகு டிரம்மைக் கேட்டார். "மாடு என்னங்க சொல்லுச்சு?" என்று அவர் கேட்க, "உங்களுக்கு எதுக்குங்க அது?" என்றார். நான் சொன்னபடி வேப்ப நிழலில் வைத்து மேலே தென்னங்கீற்றும் போட்டார். நல்லம்மாள் டிரம்மோ, எல்லார் கண்ணிலும் படவேண்டும் என்று வெட்டவெயிலில் நின்றது. இன்னும் மூன்று கோடையில் நீலம் வெளுத்து, விரலால் தடவினால் மாவு ஒட்டியது. 1989 பங்குனியில் குழாயடியில் வாய் பிளந்தது. பெரியம்மா அன்று மூன்று தரம் ரோட்டைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திருவிழா அன்று நல்லம்மாள் தன் சொம்போடு இந்தப் பக்கம் வந்தாள். "தண்ணி பொதுவுதானுங்களே, அக்கா" என்று குழாயில் கை வைத்தாள்.

குழாயில் திறக்கிற திருகு இல்லை. பெரியம்மா காலையிலேயே அதைக் கழற்றி மடியில் சொருகியிருந்தார்.

பிடித்து வைத்திருந்த சொம்பிலிருந்து அங்கமுத்துவுக்கு முதல் வாய் ஊற்றினார். அவர் விழுங்கும்வரை பார்த்தார். பிறகு மடியிலிருந்து திருகை எடுத்து ஓரகத்தியிடம் நீட்டினார்.

"இந்தா. இனி எத்தன பேருக்கு வேணுன்னாலும் ஊத்து."