அப்பாவும் சப்-மீட்டரும்

கோயமுத்தூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு வீட்டுக்காரர்தான் மின்சார வாரியம். மீட்டரைப் பார்ப்பவரும் அவர், ரேட்டு சொல்பவரும் அவர், பணம் வாங்குபவரும் அவர். அரசாங்கம் இலவசமாகத் தரும் யூனிட்டெல்லாம் அவர் பெயரில் உள்ள இணைப்புக்கு வந்து அங்கேயே தங்கிவிடும். எங்களுக்கு வருவது சப்-மீட்டர் மட்டும். பெரிய மீட்டரிலிருந்து பிரித்து, குடித்தனத்துக்கு ஒன்றாகப் பின்சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி அது. கரண்டு ஓடினால் அதில் கடுகளவு சிவப்பு விளக்கு மின்னும், அதிகமாக ஓடினால் வேகமாக மின்னும். அந்தக் கடுகுதான் என் அப்பாவை என் வீட்டைவிட்டு விரட்டியது.

துடியலூரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நானும் என் கணவரும் இருந்தோம். அவருக்கு ஃபவுண்டரியில் ஷிப்ட் வேலை. எனக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் பில் போடும் வேலை. வீட்டுக்காரர் எங்களுக்கு முன்பக்கம் பெரிய வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். தோட்டத்தை சைட் போட்டு விற்றவர், மிச்ச இடத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. “ஏனுங்க அம்மணி, வாசல்ல தண்ணி ரொம்பப் போவுதுங்களே, கொழாயச் சரியா மூடலீங்களா?” என்பார். எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகி உருகிப் பேசுவார்கள். ‘ங்க’ போட்டுக்கொண்டே ஒருவர் கழுத்தைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதற்கு “சரிங்க” என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த வருஷம் ஐப்பசியில் அவர் எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டித் தன் குடும்பத்துக்கென்று ஒரு புதுக் குளியலறை கட்டினார். வேலை முடிகிற சமயத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்து, “செத்த உள்ள வுடுங்க அம்மணி, ஒரு ஒயரு மட்டும் இழுத்துக்கறோமுங்க” என்றார். சுவரில் ஓட்டை போட்டார்கள், சுவிட்ச் போர்டைக் கழற்றினார்கள், மாட்டினார்கள். நான் இருவருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு சுண்ணாம்புத் தூளைக் கூட்டி அள்ளினேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

கார்த்திகை பிறந்ததும் அப்பா வந்தார். அன்னூரைத் தாண்டி ஒரு ஊரில், அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் மம்பட்டி பிடித்தவர். வயதான காலத்தில் மூச்சிரைப்பு வந்து சேர்ந்தது. முந்தின குளிரில் நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் பச்சைத் தண்ணீர் உடம்பில் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தக் குளிரை அவர் நல்லபடியாகத் தாண்ட வேண்டும். எனக்கு வேறு எண்ணமே இல்லை. “மக ஊட்டுல எத்தன நாளைக்குக் கண்ணு உக்காந்து திங்கறது?” என்று பஸ் ஏறும் வரைக்கும் முரண்டு பிடித்தார். தை பிறந்ததும் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன்.

கோயமுத்தூரில் என்ன பெரிய குளிர் என்று சிரிப்பவர்கள் உண்டு. மூச்சிரைப்புக்காரர் ஒருவரோடு மார்கழி மாதத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு அவர்கள் சிரிக்கட்டும். விடிந்த பிறகும் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு போகும். அப்பாவுக்குக் குளிக்காமல் ஒரு வாய் காபி இறங்காது. கேஸ் அடுப்பைத் தொடப் பயப்படுவார். அதனால் பக்கெட்டில் மாட்டுகிற ஹீட்டர் ராடு ஒன்று வாங்கி வைத்தேன். சுவிட்சைப் போடுவது எப்படி, அணைத்த பிறகு எடுப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ராத்திரி இருமல் குறைந்தது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

பிறகு மீட்டர் பார்க்கும் நாள் வந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சப்-மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, அவரைக் கண்டதும் எழுந்து நின்றுகொண்டார். எப்போதும் அப்படித்தான் செய்வார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“போன தடவையாட்ட இல்லீங்க அம்மணி, ரெண்டு பங்கு ஏறிப்போச்சுங்க.”

“அவ்வளவு எப்படிங்க வரும்?”

“பெரியவரு வந்திருக்காருல்லங்க. சுடுதண்ணி வாத்துக்கறாருங்க. வயசானவருக்கு அது வேணுமுங்க, நான் தப்புச் சொல்லுலீங்க. பாத்து வெச்சுக்கங்கன்னு சொல்றேனுங்க.”

என்னிடம் சொல்கிற மாதிரி அப்பாவுக்குச் சொன்னார். அப்பா, “சரிங்க சாமி” என்றார். வீட்டுக்காரர் கேட்ட பணத்தை நான் முகத்தில் அடித்த மாதிரி கொடுத்தேன். “இதுக்கெல்லாம் கோவிச்சுக்காதீங்க அம்மணி” என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு மீட்டர் பைத்தியம் பிடித்தது. நான் வேலைக்குக் கிளம்பினால் போதும், அணைக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு நாள் சாயங்காலம் வந்தால் பால் திரிந்து கிடக்கிறது. ஃப்ரிட்ஜை அணைத்திருக்கிறார். “ஆருமில்லாத நேரத்துல அது எதுக்குக் கண்ணு ஓடோணும்?” என்று கேட்கிறார். டிவி பிளக், செல்போன் சார்ஜர் எல்லாம் பிடுங்கி ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தார். இருட்டிய பிறகும் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இருமல் திரும்ப வந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு நாள் காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் பக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஹீட்டர் ராடு வாங்கி வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாகத் திரும்பப் போயிருந்தது.

“பச்சத் தண்ணியிலயா குளிக்கறீங்க?” என்று கத்தினேன். என் குரல் பக்கத்துக் குடித்தனம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா மெதுவாகச் சொன்னார். “வெடியால நீ போனதுக்கப்பறம் எல்லாத்தையும் அணைச்சுப்போட்டுப் போயிப் பாத்தேன் கண்ணு. அப்பவும் நம்ம பொட்டி மின்னுது. வெரசலா மின்னுது. ஊட்டுக்குள்ள வந்து சுத்திச் சுத்தித் தேடறேன், என்னத்த அணைக்காம வுட்டேன்னு தெரியல. நான் எதையோ தப்பாத் தொட்டுப்போட்டேன்.”

தினமும் காலையில் இதுதான் அவர் வேலையாக இருந்திருக்கிறது. பின்சுவருக்கும் வீட்டுக்குமாக நடந்து, ஒவ்வொரு சுவிட்சாகத் தடவிப் பார்த்து, தான் செய்யாத தப்பைத் தேடியிருக்கிறார். பழைய மீட்டர் அப்படித்தான் மின்னும், பேசாமல் இருங்கள் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. மார்கழி பாதியிலேயே பையைக் கட்டிவிட்டார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அன்னூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மூச்சு வாங்கத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஊருல வெறகு கெடக்குது கண்ணு, சுடவெச்சுக்குவேன்” என்றார். ஊரில் விறகு பொறுக்க ஆள் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையில் செருக வேண்டும், அதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும். கணவர் காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஈரத்துணியால் ஃபேனைத் துடைக்கப் பயந்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஏறினேன்.

சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல். “அடக் கெரகமே!” பிறகு கதவு திறக்கும் சத்தம். “ஏனுங்க அம்மணி! கரண்டு போயிருச்சுங்களா? லைட்டு எரியுதுங்க, ஹீட்டரு மட்டும் நின்னுபோச்சுங்க. தண்ணி சில்லுனு வருதுங்க!”

நான் ஸ்டூலில் நின்றபடியே யோசித்தேன். இறங்கி மெயினை ஏற்றினேன். “வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க” என்று குரல் வந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி அலறல். சுண்ணாம்புத் தூளும் காபியும் அந்த ஓட்டையும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. வீட்டுக்காரர் வீட்டில் தாத்தா முதல் பேரன் வரைக்கும் காலையில் வரிசையாகக் குளித்த வெந்நீர் எங்கள் மீட்டரில்தான் ஓடியிருக்கிறது. என் அப்பா பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து, அந்த மீட்டருக்கு முன்னால் நின்று தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் சோப்பு நுரையோடு வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். இழுத்துக்கொண்டு போய்ச் சுவிட்ச் போர்டைக் காட்டாத குறையாகக் கேட்டேன். அவர் முகம் ஒரு விநாடிதான் மாறியது.

“அட, ஆமாங்க அம்மணி. அவசரத்துக்கு உங்க போர்டுல இருந்து இழுக்கச் சொன்னனுங்க. அப்பறம் மாத்திக்கலாம்னு இருந்து மறந்தே போச்சுங்க. அடுத்த தடவ கழிச்சுக்கலாமுங்க, இதுல என்னங்க இருக்குது?”

“பணம் வேண்டாமுங்க. எங்கப்பாகிட்ட நீங்க சொல்லோணும். தப்பு அவருது இல்லைன்னு உங்க வாயால சொல்லோணும்.”

“தாராளமாச் சொல்றனுங்க. போன் போடுங்க.”

போட்டேன். அவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். “ஏனுங்க பெரியவரே, சவுக்கியமுங்களா? பொங்கலுக்கு வரலீங்களா? குளுரு சாஸ்தியா இருக்குதுங்க, ஒடம்பப் பாத்துக்கங்க. சுடுதண்ணியிலயே குளிங்க. வெச்சுரட்டுங்களா?” என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். அந்த மனிதர் வாயிலிருந்து வேறு எதையும் பிடுங்க முடியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரலை நினைத்தால் வயிறு எரிகிறது.

நடந்ததையெல்லாம் நானே அப்பாவிடம் சொன்னேன். கத்திக் கத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் வெறும் இரைப்புச் சத்தம். கோபப்படுவார், ஒரு வார்த்தையாவது திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப நான் எல்லாத்தையும் சரியாத்தான் அணைச்சிருக்கேன்” என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு, “அந்த ஒயர உடனே புடுங்கிப்போடாத கண்ணு. பாவம், அவருக்கும் வயசாச்சு, பச்சத் தண்ணி ஆகுமோ என்னமோ” என்றார்.

அந்த வீட்டை அடுத்த மாதமே காலி செய்தோம். இப்போது இருக்கும் வீட்டில் தனி இணைப்பு, எங்கள் பெயரிலேயே மீட்டர், குளியலறையில் நல்ல கீசர். அப்பாவுக்குக் காட்டத்தான் முதலில் அதை மாட்டினேன். அவர் அதன் கீழே ஒரு நாளும் குளித்ததில்லை. காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடுகிறார். எவ்வளவு கெஞ்சினாலும் ராத்திரி தங்குவதில்லை. “வாரேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டுவதற்கு முன்னால் கூடத்து விளக்கை அணைக்கிறார். அதன் கீழே நான் உட்கார்ந்திருக்கும்போதே அணைக்கிறார்.