லாட்வியாவில் ஒரு லயம்

லாட்விய இலக்கியத்தில் எனக்கிருக்கும் புலமையைப் பற்றி யாராவது உயர்வாகச் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அந்த நாட்டு நாவல் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தவன் நான்தான், அது உண்மை. ஆங்கிலத்திலிருந்து எடுத்தேன். மற்ற நேரங்களில் ரைஸ் குக்கருக்கும் இருமல் மருந்துக்கும் எச்சரிக்கை வாசகங்களைத் தமிழாக்கிப் பிழைக்கிறேன். "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பதுதான் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த வரி.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் பதிப்பகம் நடத்தும் பள்ளிக்கூட நண்பன்தான் என்னை இதில் மாட்டிவிட்டான். சின்ன நாடு, இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண் எழுத்தாளர், தமிழில் யாருமே தொடாத இலக்கியம் என்று அடுக்கினான். ஏன் யாருமே தொடவில்லை என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கதையில் வரும் ஆண்கள் பெயரெல்லாம் 'ஸ்' என்று முடிந்தது. முதல் இருபது பக்கத்தில் எட்டு 'ஸ்'. மீசை வைத்தவன், நொண்டுகிறவன் என்று காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். வியர்வை ஊற்றும் மத்தியானங்களில் நான்கு வகைப் பனிக்குத் தமிழ்ச் சொல் தேடினேன். பிறகு நான்கையும் 'பனி' என்றே போட்டேன். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

மூன்றாம் அத்தியாயத்தில் கதை நூறு வருடத்துக்குப் பின்னால் போனது. ஒரு ஜெர்மானியப் பிரபுவின் நிலம், ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்று இருந்தது. கதைசொல்லியின் முன்னோர்கள் அதில் கூலிகள். விடிவதற்கு முன்னால் அவர்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுகிறார்கள். என் கை தானாக ஓடியது. எஸ்டேட் 'தோட்டம்' ஆனது. பிரபு 'துரை' ஆனார். கூலிகளை மேய்க்கிறவன் 'கங்காணி', பெயர் கூப்பிடுவது 'பெரட்டு', கூலிகள் வரிசையாகக் குடியிருந்த நீளக் கட்டடம் 'லயம்'. நான் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அகராதியைத் திறக்காமல் நான் மொழிபெயர்த்த அத்தியாயம் அது ஒன்றுதான்.

கிள்ளானில் லோரி ஓட்டும் என் அண்ணன், நான் எழுதிய குக்கர் எச்சரிக்கையைக்கூடப் படித்ததில்லை. இந்த அத்தியாயத்தை மட்டும் வற்புறுத்திக் கையில் கொடுத்தேன். இரண்டே நாளில் போன் வந்தது.

"டேய், இது எந்தத் தோட்டம்டா? செப்பாங் பக்கமா?"

"இல்லண்ணே, லாட்வியா."

"அங்கயும் பெரட்டா? அடப்பாவிங்களா! மிச்சத்தையும் குடுடா."

அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் முழுசாகப் படிக்கப்போகும் முதல் புத்தகம் என்னுடையது. அது இந்தச் சொற்களோடுதான் வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

சென்னையில் இதைச் சேர்ந்து வெளியிடவிருந்தவர்கள் வேறு முடிவு செய்தார்கள். நண்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மச்சான், லாட்வியால ரப்பர் மரம் இருக்கான்னு கேக்கறாங்க. லயம்னா பாட்டுல வர்றதுதானேன்னு வேற கேக்கறாங்க. மாத்திடுலா. இல்லனா அவங்க புக் வேணாம்னுடுவாங்க."

நான்கு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குள், அச்சுக்குப் போகுமுன் ஒரு வாசிப்பு நிகழ்ச்சி என்று ஏற்பாடாகி, எழுத்தாளரே கோலாலம்பூருக்கு வந்து இறங்கிவிட்டார். வெறுத்துப்போய்க் கணினியில் தேடி மாற்றும் பொத்தானைத் தட்டினேன். தோட்டமெல்லாம் பண்ணை, லயமெல்லாம் தொழிலாளர் குடியிருப்பு. ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன்.

ஞாயிறு மத்தியானம், அதே மேல்மாடி. முப்பது நாற்காலி, பதினோரு பேர். அதில் நான்கு பேர் சும்மா கொடுக்கும் கறிபாப் பலகாரத்துக்காக வந்தவர்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுத்தாளர் லாட்விய மொழியில் வாசித்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அதனால் நன்றாகவே கைதட்டினார்கள். அடுத்து நான்.

"குன்றின்மேல் தேவாதொழிலாளர் குடியிருப்பு தெரிந்தது" என்று கணீரென்று வாசித்தேன்.

தேவாலயத்தின் வயிற்றுக்குள் ஒரு லயம் இருந்ததை நானும் கவனிக்கவில்லை, கணினியும் கவனிக்கவில்லை. கறிபாப் கோஷ்டி வெடித்துச் சிரித்தது.

"டேய், லயம்னே சொல்லுடா! எதுக்குடா சுத்தி வளைக்கற?" என்று பின்னாலிருந்து அண்ணன் கத்தினார்.

என்ன நடக்கிறது என்று எழுத்தாளர் ஆங்கிலத்தில் கேட்டார். நண்பன் கண்ணால் கெஞ்சியதைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே கூரை, பத்துக் கதவு, பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டில் கேட்கும் என்று லயத்தை விளக்கினேன். அந்த அம்மா பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு நேராக அண்ணனைப் பார்த்து, உங்கள் 'லயம்ஸ்' இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். போயும் போயும் அதற்கும் ஒரு 'ஸ்'.

"நோ மேடம். நவ் கோல்ப்" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோட்டம் விற்றுப்போய்க் கோல்ப் மைதானம் ஆனது எனக்குத் தெரிந்த கதைதானே. நீங்கள் அங்கே விளையாடுவதுண்டா என்று அவர் கேட்டார்.

"நோ பிளே. தி கிராஸ், ஐ பிரிங். மை லோரி. நம்ம ஹவுஸ் மேல ஆல்சோ ஐ புட்."

புல்லைச் சுருட்டிக் கொண்டுபோய் விரிக்கிற மாதிரி கையால் காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு இது தெரியாது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"நம்ம அம்மா உசுரோட இருந்தாங்கல்லடா அப்ப. அதான் யாருகிட்டயும் சொல்லல."

அகராதி தேவைப்படாத அத்தியாயம் என்று பீற்றிக்கொண்டவன் நான். எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் தோன்றவில்லை. நண்பனிடம் பேனாவை வாங்கி, மேசைமேல் இருந்த பிரதியில் தொழிலாளர் குடியிருப்பை அடித்தேன். காற்றாடிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க அவன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் அதன்மேல் 'லயம்' என்று எழுதினேன். முதல் தடவை எழுதியதை யாராலும் படிக்க முடியவில்லை, அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.