புகை மணத்த டேப்லெட்

டேப்லெட்டின் முதுகைத் திறந்தபோது அந்த மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம்: பழுது பார்க்கும் அக்கா, அம்மா, தங்கை, நான். அப்பா வரவில்லை. "எனக்குப் பால்வெட்டு இருக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு விடியற்காலை வேலை. எட்டரை, ஒன்பதுக்குள் முடிந்துவிடும். நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதே பத்தரை மணிக்கு. அப்பா சொன்னதில் இருந்த இடறல் அப்போது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

குலசேகரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பால்வெட்டும் கத்தி விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அக்காவின் கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக்ராஸ்கோப், மணல் நிரப்பிய ஒரு வாளி, பிரவுன் அட்டை போட்ட ஒரு நோட்டு. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். டேப்லெட்டைக் கையில் வாங்கினார். ஆனால் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. நோட்டைத்தான் திறந்தார்.

"எப்படிக் கெட்டுதுன்னு சொல்லுங்க. பிறவு, கெட்டதுக்கப்புறம் வீட்டுல ஒவ்வொருத்தரும் அத என்ன செய்தியன்னு சொல்லுங்க. எனக்கு ரெண்டாவது கதைதான் முக்கியம்."

நான் ஊரில் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். ரேஷன் கார்டில் திருத்தமா, மிக்ஸி ஓடவில்லையா, டிவியில் படம் தெரியவில்லையா, எல்லாவற்றுக்கும் "அவன் வரட்டு, அவன் படிச்சவன்லா" என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே முதலில் நான்தான் பேச வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாமானம் யாருக்க?"

"எனக்க" என்றாள் தங்கை.

"அப்பம் நீ சொல்லு மக்கா."

தங்கை நர்ஸ். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படிக்கிறாள். அந்தச் சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் அவளுக்குப் பேச்சுத் தேர்வு. நாங்கள் கடைக்குப் போனது புதன்கிழமை. எட்டு மாதமாக அவள் எழுதிய குறிப்புகள் முழுக்க அந்த டேப்லெட்டுக்குள்தான் இருந்தன. பேனா போன்ற குச்சியால் கையெழுத்தாகவே எழுதியிருந்தாள். இடப்பக்கம் ஜெர்மன் வாக்கியம், வலப்பக்கம் தமிழ். அதுவும் புத்தகத் தமிழ் இல்லை. "தங்களுக்கு எங்கே வலிக்கிறது" என்று எழுதினால் நாக்கில் ஒட்டாது என்று சொல்லி "எங்க நோவுது" என்றே எழுதி வைத்திருந்தாள். அவள் மனதில் அந்த மொழி ஏறியதே அந்த வலப்பக்கத்தின் வழியாகத்தான். வேறெங்கும் நகல் இல்லை. டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்று, தானாக நகல் எடுக்கும் வசதியை நிறுத்தி வைத்தவன் நான்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. எங்கள் ரப்பர் தோட்டத்தை விளை என்போம். அதன் மேட்டில், வெட்டு நிறுத்திய கிழட்டு மரம் ஒன்று உண்டு. பால் வடியும் சிரட்டையைத் தாங்கக் கட்டிய கம்பி வளையம் அதில் அப்படியே இருந்தது. அந்த வளையத்தில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துவிட்டு, கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து பேசிப் பழகுவாள். திங்கட்கிழமை மத்தியானமும் அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் மழை. முற்றத்தில், பாலை உறைய வைத்துத் தகடாக அழுத்திய ரப்பர் ஷீட்டு காய்ந்துகொண்டிருந்தது. "ஷீட்டு! ஷீட்டு!" என்று அம்மா ஒரு சத்தம் போட்டாள். நான்கு பேரும் நாலாபக்கத்திலிருந்து ஓடினோம். தங்கையும் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். மழை என்றால் எங்கள் கால்கள் ஷீட்டைப் பார்த்துத்தான் ஓடும், தலையிடம் கேட்காது. இருபத்திரண்டு ஷீட்டையும் அள்ளித் தாழ்வாரத்தில் போட்டோம்.

"ஒண்ணுகூட நனையல, ஸ்தோத்திரம்" என்று அம்மா மூச்சு விட்டாள். அப்போதுதான் தங்கை தலையில் கை வைத்தாள்.

இதைக் கேட்டு அக்கா சிரித்தார். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை. "ஓடிப்போய் எடுத்தப்பம் ஸ்க்ரீன் எரிஞ்சிட்டு இருந்தா?"

"இருந்து. உடனே ஆஃப் பண்ணேன். கவரக் கழத்தித் துடைச்சேன்."

"கொள்ளாம், நல்லதாப் போச்சு. அம்மா, நீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல பிள்ளே. ஈரச் சாமானத்துல கரண்ட் குடுக்காதீங்கன்னு மட்டும் சொன்னேன்."

"ஒண்ணும் செய்யாததுதான் பெரிய காரியம். தம்பி?"

"அரிசில போட்டு வச்சேன்" என்றேன். "ஒரு ராத்திரி."

"இவன் அரிசிக்குள்ள அத புதைச்சப்பமே கேட்டேன்" என்று அம்மா குறுக்கே புகுந்தாள். "ஏலே, நாளைக்கு இத வடிச்சா கஞ்சி வருமான்னு."

"பிறவு என்ன செய்தீங்க தம்பி?"

"பிறவு ஒண்ணும் இல்ல."

அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு டேப்லெட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"புகை மணக்குது. இது புகைப்புரைல கிடந்திருக்கு."

ஷீட்டைக் கம்புகளில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்தும் சின்ன அறைதான் புகைப்புரை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்று உண்டு. அம்மாவும் தங்கையும் ஒருசேர என் முகத்தைப் பார்த்தார்கள். "நான் இல்ல!" என்றேன். அது சத்தியம். அம்மா மெல்லச் சொன்னாள்: "பத்தரை மணிக்கு என்ன பால்வெட்டு?"

தங்கை போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அந்த டேப்ப நீங்க எங்கியாவது கொண்டு வச்சியளா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் எதுக்கு வைக்கேன்? எனக்கு அதுல என்ன தெரியும்?"

அக்கா போனின் பக்கம் குனிந்தார். "அண்ணாச்சி, கடையில இருந்து பேசுதேன். புகைப்புரைல வச்சதுக்குச் சண்டை இல்ல. எவ்வளவு நேரம், எந்த உயரம்னு தெரிஞ்சாத்தான் நான் உள்ள கை வைக்க முடியும்."

அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக் கோழி கொக்கரித்தது.

"ரெண்டு மணிக்கூர்" என்றார் அப்பா. "செவ்வாய்க்கிழம மத்தியானம். அவன் அரிசில போட்டான். அரிசி எவ்வளவு வெள்ளத்த இழுக்கும்? ஷீட்டுல இல்லாத வெள்ளமா? நாலு நாளுல கண்ணாடி மாதிரி ஆக்கி எடுக்குதோம்லா நாம."

"எந்தக் கம்புல வச்சீங்க?"

"மேல் கம்புல சூடு கூடுதல். கீழ் கம்புல, வாசல் பக்கம். கதவப் பாதி திறந்து போட்டிருந்தேன். பிள்ளைக்க பழைய துவர்த்துல சுத்தி, கண்ணாடி மேல பாக்கத்தான் வச்சேன். பாதியில ஒருக்கா திருப்பியும் வச்சேன்."

கடைசி வாக்கியத்தில் தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கீழ்க் கம்பு, வாசல், பாதிக் கதவு, துவர்த்துத் துண்டு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நல்லா சொன்னீங்க அண்ணாச்சி. படிச்சவிய கூட இவ்வளவு தெளிவா சொல்லமாட்டாவ."

அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காது சுட்டது. பேர் எழுதுவதற்கு மேல் எழுத்தறியாத அப்பா, பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், செய்ததை ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டார். நான் இன்னும் என் பங்கைச் சொல்லவில்லை.

"அக்கா, இன்னும் இருக்கு" என்றேன். "அரிசியில இருந்து எடுத்தப்பம் சார்ஜ் போடுத ஓட்டையில ஒரு குருணை மாட்டியிருந்து. ஊக்கு வச்சுத் தோண்டுனேன். பிறவு செவ்வாய்க்கிழம சாயங்காலம், அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போன நேரம், சார்ஜர்ல குத்திப் பாத்தேன். ரெண்டு தடவ."

"ஏலே பாவி" என்றாள் அம்மா.

தங்கை என்னைத் திட்டவில்லை. அமைதியாக ஒன்று கேட்டாள். "அண்ணே, நீ கம்ப்யூட்டர் படிச்சவனா, ஊக்கு படிச்சவனா?"

அக்கா மேசை மேல் தயாராக எடுத்து வைத்திருந்த சார்ஜர் வயரைச் சுருட்டித் தள்ளி வைத்தார். "சூடு பட்டது மட்டும்னா முதல்ல இதத்தான் குத்திப் பாத்திருப்பேன்" என்றார். "ஊக்கு வளைச்ச கம்பிங்க ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு இருக்கும். அதுல இன்னொரு தடவ கரண்ட் போயிருந்தா போர்டே போயிருக்கும். இவளுக்க எழுத்து இருக்கியதும் அந்த போர்டுலதான்."

தங்கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அக்கா டேப்லெட்டைத் திறந்தார்.

உள்ளே பாட்டரி, ஆவி கட்டிய இட்லி போல உப்பியிருந்தது. அதற்குக் காரணம் அப்பாவின் புகைப்புரைச் சூடு. கூரான எதையும் அக்கா அருகே கொண்டுவரவில்லை. தடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து, பசையை மயிரிழை மயிரிழையாக விடுவித்தார். "இது கிழிஞ்சா தீப்பிடிக்கும். வீட்டுல யாரும் இத செய்யாண்டாம்" என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதுவரை அம்மா இமை தட்டவில்லை.

அம்மா முந்திரி ஆலையில் பருப்பு உடைப்பவள். அதை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இருபது வருடமாகக் கொட்டையைத் தட்டி உள்ளிருக்கும் பருப்பை உடையாமல் எடுக்கிற வேலை. முழுப்பருப்புக்கு ஒரு மதிப்பு, பொடிக்கு வேறொரு மதிப்பு. பாட்டரி வளையாமல் கிழியாமல் மேலெழுந்து மணல் வாளிக்குள் போனதும் அம்மா வாய்விட்டுச் சொன்னாள்: "முழுப்பருப்பு!"

அம்மா யாரையும் அப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. என் மார்க் ஷீட்டைப் பார்த்தபோதுகூடச் சொன்னதில்லை.

சார்ஜ் ஓட்டைக்குப் பின்னால் பச்சை பூத்திருந்தது. ஈரத்தோடு கரண்ட் பட்டதால் வந்த களிம்பு அது. என் இரண்டு தடவைகளின் கையெழுத்து. மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். குளத்துப் பாசி போல இருந்தது. கம்பிகளில் இரண்டு, காற்றில் சாய்ந்த வாழைகள் போல ஒன்றன் மேல் ஒன்று கிடந்தன. சார்ஜ் ஓட்டை இருந்த அந்தச் சின்னத் துண்டை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய பிரஷால் சுற்றிலும் கழுவி, பஞ்சால் துடைத்தார். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில்; ஒரு முறை துடைத்த பஞ்சை மறுமுறை தொடவில்லை.

"இது டிரெஸ்ஸிங் மாதிரில்லா இருக்கு" என்றாள் தங்கை.

"அதேதான் மக்கா. புண்ணுக்குள்ள அழுக்க தள்ளிவிடப் பிடாது."

பாட்டரி இருந்த இடத்தில், மேசை மேல் இருந்த பவர் சப்ளையின் இரண்டு வயர்களை வைத்துப் பிடித்தார். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. தங்கை கையை நீட்டினாள். அக்கா தடுத்தார்.

"முதல்ல எழுத்து. பிறவுதான் மத்த சோலி."

எட்டு மாதக் குறிப்புகளும் வைஃபை வழியாக முதலில் அவருடைய கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து தங்கையின் போனுக்கும் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகே டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார். தங்கை ஒரு பக்கத்தைத் திறந்து ஜெர்மனில் ஒரு வாக்கியம் வாசித்தாள்.

"என்னத்தப் பறையுதா இவ?" என்று கேட்டாள் அம்மா.

"எங்க நோவுதுன்னு கேக்கேன்."

"வலது முட்டுல" என்றாள் அம்மா, முழங்காலைத் தொட்டுக் காட்டி. அக்கா வயரைப் பிடித்த கை ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

புது பாட்டரியும் புது சார்ஜ் ஓட்டைத் துண்டும் நாகர்கோவிலிலிருந்து மறுநாள் வந்தன. வெள்ளிக்கிழமை நான்தான் போய் டேப்லெட்டை வாங்கி வந்தேன். தங்கை சனிக்கிழமை போய்ப் பேசினாள், பிறகு தேறியும் விட்டாள். மழைநீர் வெட்டிலும் சிரட்டையிலும் இறங்காமல் இருக்க மரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் தாளை எடுத்து, அந்தக் கிழட்டு மரத்து வளையத்துக்கு மேல் அப்பா ஒரு கூரை கட்டிக் கொடுத்திருக்கிறார். தானாக நகல் எடுக்கும் வசதியை நான் திரும்பப் போட்டுவிட்டேன். டேட்டா தீர்ந்தால் தீரட்டும். மையத்தில் யாராவது "அப்ளிகேஷன் போகல தம்பி" என்று வந்தால், "அதுக்கப்புறம் என்ன செய்தீங்க?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். கேட்டுவிட்டு, அந்த அக்காவைப் போல, சிரிக்காமல் இருக்க முயல்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை.

வெள்ளிக்கிழமை பில்லை வீட்டில் எல்லாருக்கும் வாசித்தேன். "பாட்டரி எனக்க சூட்டுல போச்சு, அது நான் தாறேன்" என்றார் அப்பா. ஆயிரத்து இருநூறு. ஊக்கு வளைத்த துண்டு என்னுடையது, முந்நூற்றைம்பது. கூலியைத் தங்கை கொடுக்க வந்தபோது அம்மா விடவில்லை. "அந்தப் பிள்ளைக்க கையப் பாத்தவ நான். அது நான்தான் குடுப்பேன்" என்று தன் பர்ஸைத் திறந்தாள். அது நானூறு. எல்லாம் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.